கருவேல மரத்துக் கூன்வண்டு

விருதுநகர் வணிகர்களுக்குக் கூன்வண்டு புதிதன்று. கிட்டங்கியில் அரிசி மூட்டையைப் பிரித்தால் மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு ஊர்ந்துவரும் கரும்பழுப்புப் பூச்சியை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். சுவீடனின் லின்னேயஸ் 1763ஆம் ஆண்டிலேயே அதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். சரக்கின் விலையைக் குறைக்கும் பூச்சி என்பதால் அதற்குச் சரித்திரத்தில் எளிதாக இடம் கிடைத்துவிட்டது. அதே குலத்தைச் சேர்ந்த வேறு பல வண்டுகள் கிட்டங்கிக்கு வெளியே, கண்மாய்க்கரைக் கருவேல மரத்திலும், இராசபாளையத்து மாந்தோப்புகளிலும், திருவில்லிபுத்தூருக்கு மேற்கே எழும் மலைக்காட்டிலும் வாழ்கின்றன. அவற்றுக்கு யார் பெயர் வைத்தார்கள், எங்கிருந்து வைத்தார்கள், அந்தப் பெயர்களால் என்ன நிகழ்ந்தது என்பது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத வரலாறு.

கூன்வண்டு என்ற சொல் வேளாண் துறையினரின் ஆக்கம். முதுகு வளைந்திருப்பதால் வந்த பெயர். சிலர் மூக்கு வண்டு என்றும் எழுதுகிறார்கள். உண்மையில் அது மூக்கு அன்று; தலையே முன்னோக்கி நீண்டு, அதன் நுனியில் வாய் அமைந்திருக்கிறது. அந்த நீட்சியின் பக்கவாட்டிலிருந்து முழங்கை போல் மடிந்த உணர்கொம்புகள் புறப்படுகின்றன. இப்பெருங்குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 60,000க்கும் மேல். பூமியில் உள்ள முதுகெலும்பு விலங்குகளில், மீன்களை நீக்கிவிட்டு மற்ற அனைத்தையும் கூட்டினாலும் இந்த எண்ணிக்கையைத் தொட முடியாது. இத்தனை பெரிய கூட்டத்தில் ஒன்றை இன்னதென்று சொல்வதற்கு எத்தனை பேருடைய கண்ணும் காலமும் செலவாகியிருக்கும்!

தமிழகத்தைப் பொறுத்தவரை இந்தக் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. இலக்கிய அன்பர்களுக்குத் தரங்கம்பாடி என்றால் சீகன்பால்கும் அச்சுக்கூடமும் நினைவுக்கு வருவது இயல்பு. டென்மார்க்கின் அந்தக் கோட்டைக்கு 1768இல் மருத்துவராக வந்து சேர்ந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராக இருந்தவர். தஞ்சைப் பகுதியின் கறையான்களைப் பற்றி முறையாக எழுதியவர். 1785இல் இறக்கும் வரை அவர் சேகரித்த செடிகளும் பூச்சிகளும் கப்பலேறி ஐரோப்பா சென்றுகொண்டே இருந்தன. அவருக்குப் பிறகு அதே ஊரில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி பூச்சிகளைச் சேகரித்தார். இந்த டால்டார்ஃப்தான் 1791இல் தரங்கம்பாடியில் ஒரு மீன் பனைமரத்தில் ஏறுவதைக் கண்டதாக லண்டனுக்கு எழுதி, அறிவுலகத்தை நூறாண்டுக்கு மேல் வாதாட வைத்தவர். நம்மவர்கள் அந்த மீனைப் பனையேறிக் கெண்டை என்று அழைத்துவந்ததை அங்கே யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இவர்கள் அனுப்பிய பூச்சிகளைப் பெற்றுப் பெயர் சூட்டியவர் யோஹான் கிறிஸ்தியான் ஃபெப்ரீஷியஸ். இவரும் லின்னேயஸின் மாணவர்தான். ஏறத்தாழ பத்தாயிரம் பூச்சியினங்களுக்குப் பெயரிட்டார். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மாங்கொட்டைக்குள் பிறந்து வளரும் கூன்வண்டுக்கு 1775இல் பெயர் தந்தவர் அவரே. மா, முந்திரி, வாதாம் மரங்களின் இலைகளைச் சுருட்டும் இன்னொரு வண்டுக்கு அவர் வைத்த பெயரில் தரங்கம்பாடியே இடம்பெற்றுவிட்டது. 'டிராங்க்யூபாரிகஸ்', அதாவது தரங்கம்பாடிக்காரன். இதன் பெண் வண்டு இளம் இலையைக் குறுக்கே அறுத்து, நுனியிலிருந்து இறுகச் சுருட்டி ஒரு சிறு பொட்டலம் செய்கிறது. முட்டை அதற்குள் இருக்கும். வெளிவரும் புழுவுக்கு அந்தப் பொட்டலமே வீடு, அதுவே சோறு. பீடி சுற்றும் கை போன்ற நேர்த்தி. நம் ஊர்ப் பள்ளிகளின் வாதாம் மரத்தடியில் இந்தச் சுருள்கள் உதிர்ந்து கிடப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அதற்குள் ஒரு தமிழகக் கடற்கரை ஊரின் பெயர் லத்தீனில் வாழ்கிறது என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த கட்டம் ஸ்டாக்ஹோமில். கார்ல் யோஹான் ஷோன்ஹெர் என்பவர் பட்டு ஆலை முதலாளி. பேராசிரியர் அல்லர், வணிகர். வணிகத்தில் ஈட்டிய பொருளையும் எஞ்சிய ஆயுளையும் கூன்வண்டுகளுக்கே கொடுத்துவிட்டார். 1833க்கும் 1845க்கும் இடையே அவர் வெளியிட்ட பல பாகப் பெருநூல் உலகக் கூன்வண்டுகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது. அதில் இனங்களை விவரித்து எழுதியவர்களுள் முதன்மையானவர் போஹேமான். நம் கருவேல மரத்தில் இலை தின்னும் கூன்வண்டு ஒன்று 'டெரியோடஸ் டென்டிகாலிஸ்' என்று பெயர் பெற்றது போஹேமான் கையால்தான். டென்டிகாலிஸ் என்றால் பல் முளைத்த கழுத்துடையது என்று பொருள். கருவேல முள்ளுக்கு நடுவே வாழும் பூச்சிக்குப் பொருந்தாத பெயரென்று சொல்ல முடியாது. இந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னால் வேறொரு கண்டத்தில் இது திரும்ப வரும்.

கரிசல் மண்ணுக்கு நேரடியாக வந்த கூன்வண்டு பருத்தியில் இருந்தது. தண்டுக் கூன்வண்டு எனப்படும் அதன் புழு, செடியின் அடித்தண்டுக்குள் புகுந்து குடைந்து முடிச்சுப்போல் வீங்கச் செய்யும். காற்றடித்தால் செடி அந்த இடத்தில் முறியும். 1898இல் இதற்குப் பெயரிட்டவர் யோஹான்னஸ் ஃபாஸ்ட். அவருடைய தொகுப்பு ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது அது அலமாரியில் செருகிய பல நூறு வண்டுகளில் ஒன்று, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் கம்போடியாப் பருத்தி வந்து பரவியது. நாட்டுப் பருத்தியை விட இழை நீளம், விலையும் கூட. ஆனால் தண்டுக் கூன்வண்டு அதைத் தேடித் தேடிப் பிடித்தது. 1919இல் சென்னை மாகாணம் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியான சட்டம் அது. பருவம் முடிந்ததும் கம்போடியாப் பருத்திமாரை வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்ற விதி அதன்கீழ் நடைமுறைக்கு வந்தது. எங்கோ ஒரு ஜெர்மானியர் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து எழுதிய பெயர், இருபது ஆண்டுகளில் நம் சம்சாரி எந்தத் தேதிக்குள் செடி பிடுங்க வேண்டும் என்று ஆணையிடும் இடத்துக்கு வந்துவிட்டது. பெயரிடுதல் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

*

இனி கை மார்ஷல். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள். 1871இல் அமிர்தசரசில் பிறந்தவர். அவருடைய தந்தை சி.எச்.டி. மார்ஷல் பஞ்சாபில் நீதிபதி. இந்தியாவின் வேட்டைப் பறவைகள் பற்றிய பெருநூலை ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமுடன் சேர்ந்து எழுதியவர். ஆம், 1885இல் காங்கிரசுக்கு வித்திட்ட அதே ஹ்யூம். சிற்றப்பா பெரியப்பா முறையினர் ஒருவர் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி எழுதினார். ஆக, பூச்சியும் பறவையும் வீட்டுப் பேச்சாக இருந்த குடும்பம். மார்ஷல் இளமையில் ஆப்பிரிக்காவுக்குப் போனார். ரொடீஷியாவில் சுரங்க வேலையும் பண்ணை வேலையும் பார்த்துக்கொண்டே வண்ணத்துப்பூச்சிகளின் போலி வேடங்களை ஆராய்ந்தார். பிறகு லண்டன் திரும்பி, பேரரசின் பூச்சியியல் நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தினார். நிர்வாகம் பகலில், கூன்வண்டு எஞ்சிய நேரம் முழுவதும். 1959இல் மறையும்போது அவர் புதிதாக விவரித்திருந்த இனங்கள் 2,000ஐத் தாண்டியிருந்தன.

'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்' என்ற புகழ்பெற்ற நூல்வரிசையில் கூன்வண்டுகளுக்கான தொகுதியை மார்ஷல் 1916இல் வெளியிட்டார். கல்கத்தாவில் இந்திய விலங்கியல் அளவைத் துறை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மூக்கு குட்டையாகவும் அகலமாகவும் உள்ள கூன்வண்டுகளை மட்டும் அத்தொகுதி எடுத்துக்கொண்டது. கருவேல மரத்து டெரியோடஸ் இந்த வகையில் சேர்ந்தது. நீண்ட மூக்குள்ளவை அடுத்தடுத்த தொகுதிகளில் வரவேண்டியவை. அந்த நூல்வரிசையில் அவை வரவேயில்லை. மாங்கொட்டை வண்டும், பருத்தித் தண்டு வண்டும், பனையையும் தென்னையையும் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டும் அந்த வராத தொகுதிகளுக்கு உரியவை. ஒரு கலைக்களஞ்சியத்தின் முதல் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நூறாண்டு ஓட்டுவது எப்படியோ அப்படித்தான் இந்தியக் கூன்வண்டு ஆய்வின் நிலையும். இந்தக் குறையை இட்டு நிரப்ப இந்திய ஆய்வாளர்கள் பிற்காலத்தில் முயன்றிருக்கிறார்கள்: சண்டிகரின் பஜ்னி எழுதிய ஒரு துணைக்குடும்பத் தொகுதி 1990இல் வந்தது, தில்லியில் இராமமூர்த்தியும் காயும் 1988இல் சாம்பல் கூன்வண்டுப் பேரினத்தை மறுஆய்வு செய்தார்கள். ஆனாலும் மார்ஷலின் பழைய தொகுதி மேசையை விட்டு இறங்கவில்லை.

தமிழகத்துக்குள் இந்த வேலையைக் கொண்டுவந்தவர் டி.வி. இராமகிருஷ்ண அய்யர். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பூச்சியியலாளர். தென்னிந்தியக் கூன்வண்டுகளைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையை 1922இல் பூசா நிறுவனம் வழியே வெளியிட்டார். எந்த வண்டு எந்தச் செடியில், எந்த மாவட்டத்தில் என்று குறித்துவைக்கும் பழக்கத்தின் அருமை அந்த அறிக்கையைப் பார்த்தால் புரியும். லண்டன்காரர்களுக்கு வண்டு மட்டும் போதும். அய்யருக்கு வண்டு இருந்த மரமும் வேண்டியிருந்தது. 1940இல் அவர் எழுதிய தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று.

இன்னொருவர் பெயரையும் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பி. சூசை நாதன். கோயம்புத்தூரிலும் காரைக்கால் பகுதியின் குரும்பகரத்திலும் இருந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் பூச்சி பிடித்து உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர். ஆனைமலை சிங்கோனா, நெடுங்காடு, குரும்பகரம் என்ற ஊர்ப்பெயர்களை ஐரோப்பிய, அமெரிக்க அலமாரிகளில் கடுகளவு எழுத்தில் இன்றும் படிக்கலாம். கீழே அவர் பெயரும் இருக்கும். 'நாதனி' என்று முடியும் பூச்சிப் பெயர்கள் பல இவரைக் குறிப்பவை. குரும்பகரம் என்ற சிற்றூர் பூச்சியியலாளர்களிடையே பெற்றிருக்கும் புகழைத் தமிழகப் பேருந்து நிலையங்களில் பெற்றதில்லை.

*

ஒரு கூன்வண்டை இனங்காண்பது எப்படி? முதலில் பிடிக்க வேண்டும். வலை பயன்படாது. பழைய சேகரிப்பாளர்கள் ஒரு குடையைத் தலைகீழாகக் கிளைக்கடியில் பிடித்துக்கொண்டு, கிளையைத் தடியால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். கூன்வண்டு ஆபத்தை உணர்ந்தால் கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கீழே விழும். தரையில் விழுந்தால் மண்துகளிலிருந்து பிரித்தறிய முடியாத அந்த உபாயமே குடைக்காரனிடம் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிறகு மூக்கின் நீளம், உணர்கொம்பின் கணுக்கள், தொடையில் முள் உண்டா இல்லையா, கால் நகங்கள் பிரிந்தவையா ஒட்டியவையா என்று பார்க்க வேண்டும். உடலை மூடியிருக்கும் செதில்கள் நிறம் தருபவை. ஆனால் அவை விரல் பட்டாலே உதிரும். இளம் வண்டும் தேய்ந்த கிழ வண்டும் இரண்டு இனங்கள்போல் தோன்றும். அதனால் நிறத்தை நம்பிப் பெயர் சொல்லக் கூடாது. கடைசித் தீர்ப்பு ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதில்தான் கிடைக்கிறது. அதற்கும் மேல், பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியோடு ஒப்பிட்டாக வேண்டும். ஃபெப்ரீஷியஸின் மாதிரிகள் கோபன்ஹேகனில், ஷோன்ஹெருடையவை ஸ்டாக்ஹோமில், ஃபாஸ்டினுடையவை டிரெஸ்டனில், மார்ஷலுடையவை லண்டனில். சாத்தூரில் ஒரு கிளையைத் தட்டினால் விழுவது என்ன என்று உறுதிசெய்ய இந்த நான்கு நகரங்களுக்கும் போகவேண்டி வரலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெரியோடஸ் போன்ற குட்டை மூக்கு வண்டுகள் வளர்ந்தபின் மரத்தில் இலை தின்னும். அவற்றின் புழுக்களோ மண்ணுக்குள் வேர் தின்று வளரும். மரத்தில் நாம் காண்பது பாதி வாழ்க்கை. 'அரிய இனம்' என்ற அடைமொழியையும் இதனாலேயே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஓரிரு மாதிரிகளை மட்டும் கொண்டு விவரிக்கப்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் ஏராளம். அவற்றுள் மரத்திலேயே அரியவை எவை, அலமாரியில் மட்டும் அரியவை எவை என்பதைக் குடை பிடித்து நின்றவர்களே சொல்ல முடியும்.

*

இப்போது அந்த வேறொரு கண்டம். நம் கருவேலம் 1890களில் நிழலுக்காகவும் அழகுக்காகவும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டது. கால்நடைகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. சீமைக்கருவேலம் நமக்குச் செய்ததை நம் நாட்டுக் கருவேலம் அவர்களுக்குச் செய்தது. 60 லட்சம் ஹெக்டேருக்கும் மேலான புல்வெளியில் அது பரவிவிட்டது. இராமநாதபுரத்துக்காரரும் விருதுநகர்க்காரரும் இதை வாசித்துச் சற்றே சிரித்துக்கொள்ளலாம். 1999இல் அந்நாட்டின் தேசியத் தீமைக் களைகளின் பட்டியலில் அது ஏறியது. மரபணு ஆய்வுகள் அங்கே பரவியிருப்பது இந்தியத் துணையினமே என்று காட்டின. பெயரிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் பேரவை, 'அகேசியா' என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே ஒதுக்கியது. நம் கருவேலம் தன் பழைய பெயரை இழந்து 'வாக்கெலியா நிலோடிகா' ஆயிற்று. மரத்தையும் ஏற்க மறுத்தார்கள், பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்!

களைக்கு எதிரியை அதன் தாயகத்தில் தேடுவது உயிரியல் கட்டுப்பாட்டின் முறை. குவீன்ஸ்லாந்தில் பணியாற்றும் கே. திலீபனும் கோயம்புத்தூரின் வன மரபியல், மர வளர்ப்பு நிறுவனத்தாரும் சேர்ந்து 2008 முதல் 2011 வரை தமிழகத்திலும் கர்நாடகத்திலும் 64 இடங்களில் கருவேல மரங்களை ஆராய்ந்தார்கள். 2013இல் வெளியான முடிவு: 33 வகைப் பூச்சிகள், இரண்டு துருப் பூஞ்சைகள். மேலும் சோதிக்கத் தக்கவை என்று தெரிவுசெய்யப்பட்ட சிலவற்றுள் போஹேமானின் பல் கழுத்து வண்டும் ஒன்று.

இங்கேதான் பெயர் உயிர்ப் பிரச்சினையாகிறது. கடல் கடந்து விடப்படும் பூச்சி கருவேலத்தை மட்டும் தின்னவேண்டும். ஆஸ்திரேலியாவில் அதன் உறவு மரங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் ஒன்றை அது விரும்பிவிட்டால் திரும்ப அழைக்க வழியில்லை. ஒரே பெயரில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால் சோதித்தது ஒன்று, விட்டது ஒன்று ஆகிவிடும். ஊட்டச் சோதனையில் பல் கழுத்து வண்டு பிற செடிகளையும் கடித்தது. அது தெரிவுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, ஆஸ்திரேலியாவில் விடப்படவில்லை. என் பார்வையில் இது தோல்வி அன்று. அந்த ஆய்வின் நிலைத்த பயன், தென்னிந்தியக் கருவேல மரத்தின் குடிகளுக்கு ஒரு முறையான கணக்கு கிடைத்ததே. நமக்காக நாம் எடுக்காத கணக்கை, அவர்களுக்கு வேண்டி நாமே எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

சோதனையின்றிப் போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பொம்பானோ பீச் என்ற ஊரில் ஓர் எலுமிச்சைக் குடும்ப மரத்தில் முன்பின் கண்டிராத வண்டு கிடைத்தது. சார்லஸ் ஓ'பிரையன் என்ற கூன்வண்டு அறிஞர் அதை இலங்கையைச் சேர்ந்த சாம்பல் கூன்வண்டு என்று இனங்கண்டார். மூல இனத்துக்கு 1891இல் ஃபாஸ்ட் வைத்த பெயரின் பொருள் 'பதினோரு புள்ளி'. அதன் இலங்கை வகைக்கு 1916 தொகுதியில் விவரணை தந்தவர் மார்ஷல். அதற்கு நெருங்கிய இந்திய வகை நம் கரிசல் பருத்தியில் இலையோரத்தைக் கடிப்பது. போர்க்காலத்தில் லண்டனில் அச்சான ஒரு விவரணை எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்கத் தோட்டக்காரருக்கு விடை தந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும் அதை அவர்களால் இன்னும் ஒழிக்க முடியவில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நரை அணிலுக்காக 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் அந்தக் காடு திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் கணக்கெடுப்பு நடக்கிறது. அணில் ஓடும் அதே கிளையின் கூன்வண்டுக்கு அந்த யோகம் இல்லை. சமவெளியில் நிலை வேறு. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிலிருந்து கற்றுவந்த தொழிலால் சிவகாசி தீப்பெட்டி நகரமாயிற்று. குச்சிக்கான மென்மரம் பெரும்பாலும் கேரளத்திலிருந்து வந்தது. வெடிமருந்துக்கு வேண்டிய மூன்றில் ஒன்று கரி. மரத்தை நெருப்போடு சேர்த்தே எண்ணிப் பழகிய வட்டாரம் இது. கண்மாய்க் கருவேலம் ஏலத்தில் போகும்போது டன் கணக்கில் எடை குறிக்கப்படுகிறது.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு மூலமாதிரிகள் நாட்டைவிட்டுப் போகும் வழக்கம் ஏறத்தாழ நின்றுவிட்டது. புதிய இனம் எது கண்டறியப்பட்டாலும் அதன் மாதிரியை அறிவிக்கப்பட்ட இந்தியக் காப்பகம் ஒன்றில் சேர்ப்பிக்க வேண்டும் என்று அதன் 39ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மாதிரியின் ஊசியில் செருகும் சீட்டில் ஊர், நாள், மரம், பிடித்தவர் பெயர் என நான்கு வரிகள் இருக்கும். கரிசல் சொற்களுக்கெல்லாம் அகராதி தொகுத்த கி.ரா.வின் நிலத்தில், அந்த மூன்றாவது வரியை 'கருவேலம்' என்று தமிழிலேயே எழுதிச் செருகுவதற்கு எந்தத் தடையும் இல்லை.